டார்க் ஷேடோஸ் பார்க்கத் தொடங்குவோருக்கு: எந்த எபிசோடில் ஏறுவது, எங்கே இறங்குவது

டார்க் ஷேடோஸ் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் தேடி வருவது பார்னபாஸ் காலின்ஸ் என்ற ரத்தக்காட்டேரியை. முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால், அவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டவே 210ஆம் எபிசோடு ஆகிவிடும். எழுபது மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். முப்பதாவது எபிசோடில், ஒரு காரின் பிரேக் பாகத்தைக் கழற்றியது யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவர் அங்கேயே எழுந்து போய்விடுவார். சிறு வயதில் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் இதே கதிதான்: மனத்தில் இருக்கும் தொடரும் திரையில் ஓடும் தொடரும் வேறு வேறாகத் தெரியும். தொடரில் குறையில்லை. எங்கே ஏறுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை விவரம். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, பிற்பகலில் ஒளிபரப்பான அரை மணி நேரத் தொடர் இது. விளம்பரங்களைக் கழித்தால் ஓர் எபிசோடு 21, 22 நிமிடம். உருவாக்கியவர் டான் கர்ட்டிஸ். இசை ராபர்ட் கோபர்ட். மெய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்ஸ்போர்ட் என்ற கற்பனை ஊர், அங்கே காலின்வுட் என்ற மாளிகை, அதில் காலின்ஸ் குடும்பம். ஆசிரியை வேலைக்காக ரயிலில் வந்து இறங்கும் விக்டோரியா விண்டர்ஸ் என்ற அநாதைப் பெண்ணிலிருந்து கதை தொடங்குகிறது. தொடக்கத்தில் இது பேய்த் தொடரே அல்ல. இருண்ட மாளிகையில் நடக்கும் குடும்பக் கதை. பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போன நிலையில் கர்ட்டிஸ் ஆவிகளை உள்ளே விட்டார். அதற்கு வரவேற்பு கிடைத்ததும் ரத்தக்காட்டேரியைக் கொண்டுவந்தார். சில வாரங்களுக்கென்று வந்த பார்னபாஸ், தொடரையே தன் பேரில் எழுதிக்கொண்டார். நடித்தவர் ஜோனதன் ஃப்ரிட், கனடாவின் ஹாமில்டன் நகரத்துக்காரர், ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் பழகியவர். பள்ளி விட்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகள்தான் இந்தத் தொடரின் பெரிய பலம்.

1. எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

முதல் குழப்பம் எண்ணில்தான் வரும். எடுக்கப்பட்ட எபிசோடுகள் 1,225. ஆனால் கடைசி எபிசோடின் எண் 1245. விளையாட்டு, செய்தி என்று ஏதாவது குறுக்கிட்டு ஒளிபரப்பு தடைபட்ட நாள்களில், வெள்ளிக்கிழமை எண் 5இலோ 0இலோ முடிய வேண்டும் என்பதற்காக ஓர் எண்ணைத் தாண்டிவிடுவார்கள். அதனால் இடையில் ஓர் எண் காணவில்லை என்றால் எபிசோடு தொலைந்துவிட்டது என்று தேடி அலைய வேண்டாம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. 5, 0 என்று முடிபவை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை எபிசோடுகள். 295 (1967 ஆகஸ்ட் 11), 365 (1967 நவம்பர் 17) இரண்டும் அப்படித்தான். வார இறுதி முழுக்கப் பார்வையாளரைத் தவிக்க விடும் திருப்பங்களை அவற்றின் கடைசி நிமிடத்தில் வைத்திருப்பார்கள். எங்கே நிறுத்தினால் தூக்கம் வரும், எங்கே நிறுத்தினால் வராது என்பதை எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். சில இடங்களில் கணக்கு பிசகும். 210 வெளியானது ஒரு திங்கள்கிழமை.

இரண்டாவது குழப்பம் இன்னும் மோசமானது. இந்தத் தொடரை டிவிடியாக வெளியிட்ட எம்பிஐ நிறுவனம், விற்பனையை 210இலிருந்துதான் தொடங்கியது. முதல் 209 எபிசோடுகளை ‘தி பிகினிங்’ என்ற தனிப் பெயரில் பிறகு வெளியிட்டது. ஸ்ட்ரீமிங் தளங்களிலும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்வதுண்டு. ஆகவே ‘சீசன் 1, எபிசோடு 1’ என்று திரையில் இருப்பது உண்மையில் 210 ஆக இருக்கலாம். எளிய சோதனை ஒன்று: திறந்ததும் ரயிலில் ஒரு பெண் பயணம் செய்கிறாளா? அப்படியென்றால் அது 1. வில்லி லூமிஸ் என்ற இளைஞன் நகை ஆசையில் கல்லறை மண்டபத்தைச் சுற்றுகிறானா? அது 210. தளம் காட்டும் சீசன் எண்ணை நம்பாமல், அசல் எபிசோடு எண்ணை மட்டும் குறித்துவையுங்கள். பட்டியல்கள், நடிகர் பேட்டிகள், ரசிகர்கள் பேச்சு எல்லாம் அசல் எண்ணில்தான் நடக்கும்.

டிவிடி வாங்குவதானால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. ஒத்துப்போகாத பிளேயரில் தட்டு சுழலும், படம் வராது. 2012இல் சவப்பெட்டி வடிவில் வந்த முழுத் தொகுப்பில் 131 தட்டுகள். முதல் தடவை பார்ப்பவர் அதற்குப் பணம் போடத் தேவையில்லை.

2. வாசலைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வாசல்கள் இருக்கின்றன.

210 என்பதுதான் எங்கள் முதல் பரிந்துரை. 210இன் இறுதியில் கை வெளியே வரும். 211இல் ‘இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர்’ என்று பார்னபாஸ் காலின்வுட் கதவைத் தட்டுவார். இங்கே ஏறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முன்கதை இவ்வளவுதான்: எலிசபெத் காலின்ஸ் ஸ்டோடார்ட் பதினெட்டு ஆண்டுகளாக மாளிகையை விட்டு வெளியே வந்ததில்லை. அவர் கணவர் பால் ஸ்டோடார்டைப் பற்றிய ரகசியம் ஒன்றை வைத்துக்கொண்டு ஜேசன் மெக்வைர் என்பவன் மிரட்டுகிறான். வில்லி அவனுடைய கூட்டாளி. எலிசபெத்தின் தம்பி ரோஜர்; ரோஜரின் மகன் டேவிட்; எலிசபெத்தின் மகள் கேரலின். விக்டோரியா, டேவிடுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். ஊரில் உணவு பரிமாறும் பெண் மேகி எவன்ஸ். இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

365 இரண்டாவது வாசல். பொறுமை குறைந்தவர்களுக்கு. ஆவியை அழைக்க எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள், விளக்கு அணைகிறது, விக்டோரியா 1795ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறாள். அங்கிருந்து 461 வரை, பார்னபாஸ் மனிதனாக இருந்து எப்படிச் சபிக்கப்பட்டார் என்ற கதை. தனியாகப் பார்த்தாலும் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் உள்ள முழுக் கதை. ஆனால் 210இல் தொடங்கி இங்கே வந்து சேருகிறவருக்கு இது நெஞ்சை அறுக்கும். நேரே வருகிறவருக்கு வெறும் நல்ல கதை. அந்த வித்தியாசத்துக்காக 155 எபிசோடு கூடுதலாகப் பார்ப்பது தகும்.

எபிசோடு 1, மூன்றாவது. இதை முதல் தடவைக்குப் பரிந்துரைப்பதில்லை. 461 வரை பார்த்துவிட்டு, காலின்வுட் மனிதர்கள் மீது பிடிப்பு வந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்பு வெள்ளை எபிசோடுகள் வேறு மாதிரி தெரியும். ஒளியமைப்பும் நிதானமும் பிற்காலத்தில் கிடைக்காதவை. பொறுக்கிப் பார்ப்பதானால் 1. பார்னபாஸ் ஒருகாலத்தில் மணக்க இருந்த ஜோசெட்டின் ஆவி ஓவியத்திலிருந்து இறங்கி வந்து ஆடும் 70. பிறகு டேவிடின் தாய் லாரா வரும் பகுதி, சுமார் 126 முதல் 191 வரை. நெருப்பில் எரிந்து மீண்டும் மீண்டும் பிறக்கும் ஃபீனிக்ஸ் பறவையின் கதையைத் தாய்ப்பாசத்தோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். டயானா மில்லே அதிர்ந்து பேசாமலே பயமுறுத்துவார்.

3. திரையைச் சரிசெய்யுங்கள்

ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் நூற்றுக்கணக்கான மணி நேரம் கண் வலிக்கும். தொடர் 4:3 வடிவில் எடுக்கப்பட்டது. அகலத் திரையை நிரப்பும்படி தொலைக்காட்சி இழுத்துக் காட்டினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். பெரிதாக்கிக் காட்டினால் நெற்றி வெட்டுப்படும். நெருக்கக் காட்சிகளை நம்பி வாழும் தொடரில் நெற்றியை வெட்டினால் என்ன மிஞ்சும்? பட அமைப்பில் 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி.

டிவிடியைக் கணினியில் பார்க்கும்போது முகம் திரும்பினால் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். வீடியோ டேப்பில் ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்துப் பதிவாவதால் வருவது அது. விஎல்சி பிளேயரில் வீடியோ பட்டியலில் ‘டீஇண்டர்லேஸ்’ என்பதை ஆன் செய்து, முறையில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்தால் கோடு போய்விடும், அசைவும் அசல் டேப்பின் வழவழப்புக்கு வந்துவிடும். கூர்மையையும் வண்ணத்தையும் கூட்டாதீர்கள்; கூட்டினால் அட்டைச் சுவர் அட்டையாகவே தெரியும்.

முதல் 294 எபிசோடுகள் கறுப்பு வெள்ளை. 295இல் வண்ணம் வரும். அதற்குப் பிறகும் திடீரென ஓர் எபிசோடு மங்கலான கறுப்பு வெள்ளையில் வந்தால் கம்பியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். சில எபிசோடுகளின் மூல டேப் இப்போது இல்லை. தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளில் பிடித்து வைத்த கினஸ்கோப் பிரதி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அடுத்த எபிசோடில் வண்ணம் திரும்பிவிடும்.

4. ஒரு நாளைக்கு இரண்டு

இதுதான் நாங்கள் வற்புறுத்திச் சொல்லும் ஒரே விதி. நாளுக்கு ஒன்று நல்லது, இரண்டு போதும், மூன்றைத் தாண்டாதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு நாள் விட்டுப் பார்க்கிறவர், வாரத்தில் இரண்டு நாள் தவறவிடுகிறவர் என்று எல்லோருக்கும் புரிய வேண்டுமென்று எழுதப்பட்ட தொடர் இது. ஒரு செய்தியை மருத்துவர் ஜூலியா பார்னபாஸிடம் சொல்வார்; நாளை பார்னபாஸ் அதை வில்லியிடம் சொல்வார்; மறுநாள் வில்லி புலம்புவான். ஒரே இரவில் எட்டு எபிசோடு பார்த்தால் இது சித்திரவதை. நாளுக்கு ஒன்றாகப் பார்த்தால் உறுத்தாது. ஒவ்வொரு எபிசோடும் முந்தைய நாளின் கடைசிக் காட்சியோடு தொடங்கும். பழைய டேப்பை ஓட்டாமல் புதிதாக நடித்துக் காட்டுவார்கள். சட்டையும் குரலும் லேசாக மாறியிருப்பதைக் கவனிக்கலாம். அடுத்தடுத்துப் பார்க்கும்போது இந்த ஒன்றிரண்டு நிமிடத்தையும், பாறையில் அலை மோதும் தொடக்க இசையையும் தாண்டிவிடலாம்.

தமிழ் மெகா தொடர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை. மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிக் காட்டுவது, ஒரு கல்யாணப் பேச்சு ஆறு வாரம் இழுப்பது, ‘இவருக்குப் பதில் இவர்’ எல்லாம் நமக்குப் பழக்கம்தானே. இங்கேயும் அப்படித்தான், பர்க் டெவ்லின் என்ற பாத்திரத்தின் வேடத்தை விட்டு மிட்செல் ரயன் போனபோது, இனி ஆண்டனி ஜார்ஜ் நடிப்பார் என்று ஒரு குரல் சொல்லும், கதை நிற்காமல் ஓடும். வில்லியாக முதலில் வருபவர் ஜேம்ஸ் ஹால். சில எபிசோடிலேயே ஜான் கார்லன் வந்துவிடுவார். விக்டோரியாவாக நடித்த அலெக்ஸாண்ட்ரா மோல்ட்கே 1968இல் கர்ப்பமாகி விலகிய பிறகு இரண்டு பேர் அந்த இடத்தில் வந்து பார்த்தார்கள், எடுபடவில்லை.

5. வழித்தடம்

210–364: பார்னபாஸின் வருகை, மேகியைக் கடத்துவது, சிறுமி சாராவின் ஆவி, மருத்துவர் ஜூலியா ஹாஃப்மன் 265இல் நுழைவது. முதல் முப்பது எபிசோடில் பார்னபாஸ் முழு வில்லன். இரக்கத்துக்குரியவராக மாறுவது மெல்ல மெல்ல நடக்கும். ஜூலியாவாக வரும் கிரேசன் ஹால் கண்ணை உருட்டுவதும் சிகரெட்டை நடுங்கப் பிடிப்பதும் முதலில் மிகை நடிப்பாகப் படும். இருபது எபிசோடு கழித்து அவர் இல்லாத எபிசோடு உப்பில்லாமல் இருக்கும்.

365–461: 1795. ஏஞ்சலீக் என்ற பணிப்பெண் 368இல் வருகிறாள். பார்னபாஸ் அவளிடம் முன்பு பழகிவிட்டு, இப்போது அவள் எஜமானி ஜோசெட்டை மணக்கப்போகிறார். ஏஞ்சலீக் சூனியக்காரி. மீதியைச் சொல்வது பாவம். லாரா பார்க்கர் ஏஞ்சலீக்காகவும், ஜெர்ரி லேஸி மதபோதகர் டிராஸ்க்காகவும் செய்திருப்பதைத் தவறவிடக் கூடாது. இந்தப் பகுதியில் ஒரு எபிசோடையும் தாண்டாதீர்கள்.

462 முதல் 1968 இறுதி வரை சறுக்கல் உண்டு. டாக்டர் லாங் என்பவர் உடல்களை ஒட்டி ஆடம் என்ற மனிதனை உருவாக்குவது, நிக்கலஸ் பிளேர் என்ற மந்திரவாதி என்று சுவையான சரக்கு இருந்தாலும், ‘கனவுச் சாபம்’ என்ற கிளைக்கதை பலரைத் துரத்தியிருக்கிறது. ஒருவர் கனவு காண்பார், அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னதும் அவருக்கும் அதே கனவு வரும். ஒவ்வொரு தடவையும் கனவை முழுதாகக் காட்டுவார்கள். முதல் கனவை ஒழுங்காகப் பாருங்கள். அடுத்த கனவுகளில் புகை வந்ததும் வேகமாக ஓட்டி, கடைசிக் கதவில் நிறுத்துங்கள். ஒன்றும் குறையாது.

1968 இறுதியில் குவென்டின் என்ற காலின்ஸ் குடும்ப மூதாதையின் ஆவி, ஓநாய் மனிதன் கிறிஸ் ஜென்னிங்ஸ். 700இல் பார்னபாஸ் ஈ-சிங் என்ற சீனக் குறிசொல்லும் குச்சிகளை வைத்துத் தியானம் செய்து 1897க்குப் போகிறார். 884 வரை நீளும் இந்த 1897 பகுதிதான் தொடரின் உச்சம் என்பது எங்கள் தீர்ப்பு. 1795 இதைவிட ஆழம், ஆனால் ஓட்டத்தில் 1897ஐ மிஞ்ச முடியாது. டேவிட் செல்பி குவென்டினாக உயிரோடு வருகிறார். ஜிப்சி தம்பதி மாக்டா, சாண்டோர். வெட்டுப்பட்ட கைக்கு உரியவரான கவுண்ட் பெட்டோஃபி. குவென்டினுக்கான வால்ட்ஸ் இசை 1969இல் தனி ரெக்கார்டாக வந்து பில்போர்டு பட்டியலில் 13ஆம் இடம் வரை ஏறியது.

885இலிருந்து சுமார் 980 வரை லெவியத்தான்கள் என்ற ஆதிகால சக்திகளின் கதை. நன்றாகத் தொடங்கித் தடுமாறுகிறது. பார்வையாளர்களும் இங்கேதான் விலகத் தொடங்கினார்கள். அடுத்து, அதே ஆட்கள் வேறு வாழ்க்கை வாழும் இணை உலகம், 1060 வரை. அதில் பார்னபாஸ் நீண்ட நாள் சவப்பெட்டியில் அடைபட்டுக் கிடப்பார். கதைக்காக அல்ல, ஃப்ரிட் அப்போது திரைப்படப் படப்பிடிப்பில் இருந்தார். 1061 முதல் 1070 வரை, 1995ஆம் ஆண்டில் பாழடைந்து கிடக்கும் காலின்வுட்டுக்கு ஜூலியாவும் பார்னபாஸும் போய்ச் சேரும் பத்து எபிசோடுகள். நடுவில் சோர்ந்து போனவர்கள் இதற்காகவாவது தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கே கண்ட அழிவைத் தடுக்கும் முயற்சி 1109 வரை. பிறகு 1840.

6. ஆள் மாறாட்டத்துக்கு ஒரு நோட்டு

காலம் மாறும்போது அதே நடிகர்கள் வேறு வேடத்தில் வருவார்கள். புதியவர் தடுமாறும் இடம் இது. ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஜோன் பென்னட்: நிகழ்காலத்தில் எலிசபெத், 1795இல் பார்னபாஸின் தாய் நவோமி, 1897இல் ஜூடித், 1840இல் ஃப்ளோரா. லூயி எட்மண்ட்ஸ்: ரோஜர், பார்னபாஸின் தந்தை ஜோஷுவா, எட்வர்ட், டேனியல். நான்சி பாரெட்: கேரலின், மில்லிசென்ட், சாரிட்டி, லெட்டீஷியா. கேத்ரின் லீ ஸ்காட்: மேகி, ஜோசெட், பிறகு 1897இல் ரேச்சல், கிட்டி என்று இருவர். கிரேசன் ஹால்: ஜூலியா, நடாலி, மாக்டா. தேயர் டேவிட் எல்லோரையும் தோற்கடிப்பார்: காவலாளி மாத்யூ, பேராசிரியர் ஸ்டோக்ஸ், பென் ஸ்டோக்ஸ், சாண்டோர், பெட்டோஃபி.

முகம் ஒன்றாக இருப்பதற்குக் கதைக்குள்ளும் சில இடங்களில் பொருள் உண்டு. மேகியிடம் பார்னபாஸ் ஜோசெட்டைத் தேடுவது அதனால்தான். மற்ற இடங்களில் அது சம்பளக் கணக்கு மட்டுமே. எது எது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

ஆண்டுகளையும் இறுகப் பிடிக்காதீர்கள். தொடக்கத்தில் மாளிகையைக் கட்டியது, ஜோசெட் வாழ்ந்தது எல்லாம் 1830களில் என்பார்கள். பிறகு ஒரு சொல் விளக்கமின்றி 1795க்கு நகர்த்திவிடுவார்கள். ஜோசெட் முதலில் பிரான்ஸ், பிறகு மார்டினீக் தீவு. பிந்தியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பிழைகள்

டேப்பை வெட்டி ஒட்டுவது செலவும் நேரமும் பிடித்த காலம். அதனால் நேரலை போல ஒரே ஓட்டத்தில் எடுத்து, தலை போகிற தவறு இல்லாவிட்டால் அப்படியே ஒளிபரப்பினார்கள். விளைவுகளை நீங்களே பார்ப்பீர்கள்: மேலிருந்து மைக் தொங்கும், அதன் நிழல் நெற்றியில் விழும், பின்னணியில் ஊழியர் ஒருவர் நடந்து போவார், கல்லறைக் கல் ஆடும், உருக்கமான வசனத்தின் நடுவே ஈ மூக்கில் உட்காரும். ஃப்ரிட்டுக்கு வசன மனப்பாடம் எப்போதும் போராட்டம். அவர் பார்வை திடீரெனப் பக்கவாட்டில் போய் நிலைத்தால் டெலிப்ராம்ப்டரைத் தேடுகிறார் என்று அர்த்தம். அந்தத் தடுமாற்றம் பார்னபாஸின் தவிப்பாகவே மாறிவிடுகிற நேரங்களும் உண்டு.

நண்பர்களோடு முதல் தடவை பார்க்கும்போது இந்தப் பிழைகளைச் சுட்டிச் சிரிக்கும் விளையாட்டைத் தொடங்காதீர்கள். தொடங்கினால் 425இல் ஜோசெட் விதவைகள் குன்றின் விளிம்பில் நிற்கும்போதும் மைக்கைத்தான் தேடுவார்கள்.

8. சிறுவயதுக் காட்சியைத் தேடுகிறீர்களா?

திரும்பி வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சிதான் மிஞ்சியிருக்கும். எந்த எபிசோடு என்று தெரியாது. உடையையும் பொருளையும் வைத்துப் பிடிக்கலாம். பழங்கால உடையில் சிறுமி, ‘லண்டன் பிரிட்ஜ்’ பாட்டைக் குழலில் ஊதுகிறாள் என்றால் அது சாரா, 255இலிருந்து தேடுங்கள். பூட்டிய மேற்குப் பகுதியிலிருந்து கிராமபோன் இசை, குழந்தைகள் இருவர் மயங்கி நிற்கிறார்கள் என்றால் 1968 இறுதி, 1969 தொடக்கம். முகத்தில் தையல் போட்ட உயரமான மனிதன், 1968 கோடை. பெட்டிக்குள் ஒரு கை, 1897இன் நடுப்பகுதி. கண்ணாடிக் கூண்டுக்குள் உயிருள்ள தலை, 1840. கதவைத் திறந்தால் அதே ஆட்கள் வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள், 1970.

வண்ணத்தை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். அன்று அமெரிக்க வீடுகள் பலவற்றில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். கறுப்பு வெள்ளையில் நினைவிருக்கும் காட்சி, வண்ண எபிசோடாகவே இருக்கக்கூடும். வெட்டவெளியில் துரத்தல், தாராளமான ரத்தம் என்று நினைவிருந்தால், நீங்கள் தேடுவது தொடராகவே இல்லாமல் 1970இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்’ படமாக இருக்கலாம். தொடரில் ரத்தம் குறைவு.

9. படங்கள், மறு தயாரிப்புகள்

‘ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்’ படத்தை 461க்குப் பிறகு பாருங்கள். அதே பார்னபாஸ் கதையை இரக்கமில்லாமல் சொல்லும், முடிவுகளும் வேறு. 1971இல் வந்த ‘நைட் ஆஃப் டார்க் ஷேடோஸ்’ குவென்டின் பெயரை வைத்திருந்தாலும் தொடருக்குத் தொடர்பற்ற தனிக்கதை. வெளியீட்டுக்கு முன் அரை மணி நேரத்துக்கும் மேல் வெட்டப்பட்டதால் புரியாத இடங்கள் வரும், உங்கள் கவனக்குறைவு அல்ல. 1991இல் என்பிசி ஒளிபரப்பிய 12 எபிசோடு மறு தயாரிப்பில் பென் கிராஸ் பார்னபாஸ். வளைகுடாப் போர்ச் செய்திகள் குறுக்கிட்டதில் அது நிலைக்கவில்லை. டிம் பர்ட்டனின் 2012 படம் பகடி. அதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் நகைச்சுவையை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். விருந்துக் காட்சியில் ஃப்ரிட், லாரா பார்க்கர், செல்பி, கேத்ரின் லீ ஸ்காட் நால்வரும் சில விநாடி வருவார்கள். ஃப்ரிட் அந்தப் படம் வெளியாகும் முன்பே, 2012 ஏப்ரலில் காலமானார்.

10. எங்கே இறங்குவது

பார்னபாஸின் கதை 1198இல் முடிந்துவிடுகிறது. 1186இலிருந்தே 1841ஆம் ஆண்டின் இணை உலகம் என்ற புதுக் கதை ஊடாக ஓடத் தொடங்கும். 1198க்குப் பிறகு அது மட்டும்தான். அதில் ஃப்ரிட், பிராம்வெல் என்ற சாதாரண மனிதராக வருவார்; ரத்தக்காட்டேரி கிடையாது. பார்னபாஸுக்காக வந்தவர்கள் 1198இல் இறங்கிக்கொள்ளலாம், எதையும் இழக்க மாட்டீர்கள். அட்டவணையை முடித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1219ஆம் எபிசோடின் படம் எங்கும் இல்லை. தப்பியிருக்கும் ஒலிப்பதிவையும் நிழற்படங்களையும் சேர்த்துத் தயாரித்த மாற்று எபிசோடுதான் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் பிரதியில் அந்த இடத்தில் படம் அசையாமல் நின்றால் தட்டைத் துடைக்க வேண்டாம். ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள்.